ஹாங்காங்கில் அம்மா சாப்பிடாதது

தென்காசி
ஐப்பசி 10

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க விசுவநாதரை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுத முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அவள் கூடத்தில்தான் படுத்திருக்கிறாள்.

சித்திரையில் நாங்கள் முதல்முறையாக ஹாங்காங் வந்தபோது எவ்வளவு ஆசையாகக் கூட்டிக்கொண்டு அலைந்தாய், ஷாம் ஷுய் போவில் துணிக்கடைத் தெரு, மோங் காக்கில் பூக்கடைகள், டிராம் மாடியில் உட்கார்ந்து வான் சாய் வரை. நமக்காக முட்டைகூடச் சேராத சைவக் கடையாகத் தேடிப் பிடித்தாய். அந்த ஊர் வழக்கப்படி சாப்பிடுமுன் கிண்ணம் அலசுவதற்கு மாப்பிள்ளை ஊற்றிய டீயை நான் எடுத்துக் குடித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த அரிசிமாவுச் சுருள் நம் ஊர் இடியாப்ப மாவு போல வழுவழுவென்று இருந்தது, நான் இரண்டு தட்டு தின்றேன். அம்மா மட்டும் மென்று மென்று கைக்குட்டையில் துப்பினாள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் எடுத்து வைத்த கொழுக்கட்டையையும் அப்படியே செய்தாள், அந்த அம்மாள் முகம் சுருங்கிவிட்டது. ஒன் ஆசாரத்த இங்கனயும் கட்டித் தூக்கிட்டு வந்துட்டியா, எங்க அத்தை கைபட்டா ஒனக்குத் தீட்டா என்று நீ கேட்டாய். ஆமாட்டி, அப்படித்தான்னு வச்சுக்கோ என்றாள். ஆறு மாதமாக நீ அவளோடு பேசவில்லை. வெளியே கை நனைக்காத குடும்பம் நம்முடையது, நம்மில் ஒருத்தி சாப்பிடவில்லை என்றால் யாருக்கும் வேறு காரணம் தோன்றாது. திரும்பி வரும்போது டிராமில் நானும் அவளைத் திட்டினேன்.

போன மாதம் சுரண்டையில் தில்லைநாயகம் மச்சான் வீட்டு விசேஷத்தில் ரசஞ்சாதம் இறங்காமல் மூச்சுத் திணறிவிட்டாள். திருநெல்வேலியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்றாம், அறுவை செய்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டதற்கு, தைப்பூசத்துல இருந்தே என்றாள். வார்டு என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். அவள் சொன்னாள், சொல்லிருந்தா அவ ஊரையா சுத்திக் காட்டிருப்பா, ஆஸ்பத்திரியத்தான் காட்டிருப்பா, அவ வாழுத எடத்த ஒரு தடவ பாத்துரணும்னு இருந்துச்சு, ஆங்காரம் பிடிச்சவன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போறா என்று. எனக்கு அவள்மேல் இருக்கிற கோபத்தைவிட என்மேல் அதிகம்.

இப்போது வயிற்றில் குழாய் வைத்துத்தான் ஆகாரம். நாள் எதுவும் டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சம்பந்தியம்மாவிடம் விஷயத்தைச் சொல்லு, நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லு. திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடு, செங்கோட்டை ரோட்டில் மழை, பகலில் வந்து இறங்குகிற மாதிரி பார்த்துக்கொள், கார் அனுப்புகிறேன். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம், லீவு கிடைத்தது என்று சொல்லிக்கொள்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. உள்ளே வந்ததும் கட்டிலைப் பார்த்துவிட்டு அம்மா எங்கே என்று கேட்டுவிடாதே. மச்சான் போன வாரம், அவள் கட்டிலில் கிடக்கும்போதே, அப்படிக் கேட்டுவிட்டார்.

உன் அப்பா
குற்றாலிங்கம்