அண்ணன் விட்டுப்போன டப்பா

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அத்தானின் முழங்காலைத் தவிர. பேக்கரி அடுப்பு முன்னால் நின்று நின்று தேய்ந்த முழங்கால் அது. புளித்த மாவு ஆகாத பஸ்கா வாரம் என்பதால் அடுப்புக்கும் அதற்கும் இப்போது ஓய்வு. அங்கே குளிர் குறைந்ததா? போனில் உன் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர் குடி. கேட்க மாட்டாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. அண்ணன் பஸ்காவுக்கு வந்தாரா, எங்கள் வீட்டில் கை நனைத்தாரா? அவசரப்படாதே, வரிசையாகச் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

வந்தார். சின்னவளின் நச்சரிப்பு தாங்காமல்தான் வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். நம் யூத முன்னோர் காத்திருந்த மேசியா இயேசுதான், திரும்பி வரப்போகிறவரும் அவர்தான் என்று நானும் அத்தானும் நம்பத் தொடங்கியதிலிருந்து அவர் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. உனக்குத் தெரியாததா? இந்த முறையும் கையில் ஒரு தகர டப்பா. அதற்குள் அவருடைய புளிப்பில்லாத அப்பம், அவித்த முட்டை, ஒரு தட்டுகூட! அலமாரி இடுக்கெல்லாம் இறகு விட்டு ரொட்டித் தூள் தேடித் துடைத்தவள் நான். என் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார். கோபம் மூக்கு நுனியில் வந்து நின்றது. அத்தான் கண் காட்டினார், அடங்கிவிட்டேன். வந்ததே பெரிது.

இதற்கு நடுவில் அத்தான் ஒரு கூத்து பண்ணியிருந்தார். ரொட்டிக்காக அவர் ஜாடியில் வளர்க்கிற புளித்த மாவு இருக்கிறதே, அவர் அப்பா காலத்து மாவு, அதைப் பஸ்காவுக்கு முன்னால் வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். வருஷா வருஷம் கீழ்வீட்டில் கொடுப்போம், பண்டிகை முடிந்ததும் அவர்கள் திருப்பித் தருவார்கள். இந்த வருஷம் கீழ்வீட்டுக்கு ஒரு எலக்ட்ரீஷியன் புதிதாகக் குடிவந்திருக்கிறார். தனி ஆள், தங்கமான மனுஷன். அவரிடம் அத்தான் ஜாடியை நீட்டி, இனி இது உங்களுடையது, எனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்று முறைப்படி சொன்னார். சும்மா பேச்சுக்குச் சொன்னால் கொடுத்ததாகாதே, அதனால் மனதாரச் சொல்லியிருக்கிறார். பண்டிகை முடிந்ததும் வந்து கேட்பேன் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

சாயங்காலம் மேசையில் உட்கார்ந்தோம். எலியா தீர்க்கதரிசி மேசியாவுக்கு முன்னால் வருவாரே, அவருக்கென்று அப்பா போடுகிற மாதிரியே ஒரு நாற்காலியும் போட்டிருந்தேன். அத்தான் மூன்று அப்பங்களில் நடு அப்பத்தைப் பிட்டு, ஒரு பாதியைத் துணியில் சுற்றி மறைத்து வைத்தார். பிட்கப்பட்டு, துணியில் சுற்றப்பட்டு, மறைக்கப்பட்டு, பிறகு வெளியே வருகிற அந்த அப்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேசியாதான் தெரிகிறார். அண்ணன் தன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பசித்தவர்கள் எல்லோரும் வந்து சாப்பிடட்டும் என்று அத்தான் வாசித்தார். நான் வழக்கம்போல் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் எலக்ட்ரீஷியன் நிற்கிறார். குளித்து, தலை வாரி, வெளுத்த சட்டை. கையில் ஒரு துண்டில் சுற்றிய ரொட்டி, சுடச்சுட, புஸ்ஸென்று உப்பி. வாசம் வீட்டுக்குள்ளே ஓடியது. இவ்ளோ பெரிய மனசோட மாவைக் கொடுத்தீங்க, மொத ரொட்டி உங்களுக்குத்தான் என்று முகமெல்லாம் சிரிப்பு.

நான் கதவையும் ரொட்டியையும் என் உடம்பையும் எப்படி எங்கே வைப்பது என்று தெரியாமல் நிலைப்படியை மறித்து நின்றேன். உள்ளே வரக்கூடாது, ஆனால் அந்த மனுஷன் மனமும் நோகக்கூடாது. இன்றைக்கு எங்கள் வீட்டில் ரொட்டி ஆகாது என்று மென்று விழுங்கினேன். அவர் முகம் வாடிப்போய், ஏங்க, வருஷம் பூரா ரொட்டி சுடுற வீடு, இன்னிக்கு மட்டும் ஏன் வேணாம்ங்கிறீங்க என்று கேட்டார்.

சின்னவளே, அது உன் கேள்வி! மற்ற இராத்திரிகளைவிட இந்த இராத்திரிக்கு என்ன விசேஷம் என்று அப்பாவிடம் நீ மழலையில் கேட்பாயே, அதேதான். கேட்கக் கடைக்குட்டி இல்லையே என்று நான்தான் கேட்பதாக இருந்தேன். வாசலில் நின்ற ஆள் முந்திக்கொண்டார்.

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா? ஓய்வு பெற்றால் என்ன, கேட்டவனைச் சும்மா அனுப்ப அவரால் முடியாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். நிலைப்படியைத் தாண்டி வெளியே போய், படிக்கட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்று ஆரம்பித்தார். அப்படியே அப்பாவின் குரல். அடிமைகள் அவசரமாகப் புறப்பட்டதையும், மாவு புளிக்கக்கூட நேரமில்லாததையும், கடல் பிளந்ததையும் சொல்லச் சொல்ல, மடியில் ரொட்டியோடு எலக்ட்ரீஷியன் வாய் பிளந்து கேட்டார். நானும் அத்தானும் வாசலில் நின்று கேட்டோம். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

ரொட்டியைக் கீழ்வீட்டில் வைத்துவிட்டு வரும்படி அவரை அனுப்பியதும் அண்ணன்தான், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துவைத்ததும் அண்ணன்தான். வீட்டுக்காரர்களைக் கேட்கவே இல்லை! அந்த மனுஷன் வந்து நேராக எலியாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தான் வாயெடுத்தார். இருக்கட்டும், விடு என்றார் அண்ணன்.

அடிமைக் காலத்தை நினைத்துத் தின்கிற கசப்புக் கீரையை மென்று எலக்ட்ரீஷியன் படாத பாடு பட்டார். சாப்பாடு முடிந்து, மறைத்த அப்பத்தை எடுத்துவந்து எல்லோருக்கும் பிட்டுக் கொடுத்தேன். எதற்காகப் பிட்கிறேன், யாரை நினைத்துப் பிட்கிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். அண்ணன் பக்கம் வரும்போது தாண்டிப் போகப் பார்த்தேன். அவர் கையை நீட்டினார். நான் சொன்னதற்கு ஆமென் சொல்லவில்லை, மறுத்தும் பேசவில்லை. வாங்கிச் சாப்பிட்டார். தண்ணீர் கேட்டார். நான் சொம்பு நிறையக் கொடுத்தேன்.

எலியாவுக்காகத் திரும்பவும் கதவைத் திறக்க வேண்டிய நேரத்தில் அவரே எழுந்து போனார். சின்ன வயதில் அது அவர் வேலைதானே. கீல் சத்தமே போடவில்லையே என்றார். மேசியா வரும்போது கதவு கிறீச்சிடக் கூடாது என்று மாதாமாதம் எண்ணெய் விடுகிறேன் என்றார் அத்தான், கொஞ்சமும் சிரிக்காமல். அண்ணன் சிரித்துவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். இருவரும் காலியான படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் திரும்பி வருகிறவரை எதிர்பார்த்தேன், அவர் இனிமேல் வரவேண்டியவரை எதிர்பார்த்தார். அவர் என் தோளில் கை வைத்திருந்தார்.

மாவு என்ன ஆயிற்று என்று நீ கேட்க மாட்டாய், தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ஜாடி அடியில் ஒரு கரண்டி மிச்சம் இருக்கிறதாம். பண்டிகை முடியட்டும் என்று அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் கிளம்பும்போது டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். உள்ளே முட்டை அப்படியே இருந்தது. உன் அலமாரியிலேயே இருக்கட்டும், வருஷா வருஷம் யார் தூக்கிக்கொண்டு அலைவது என்றார்.

கழுவித் துடைத்து, பஸ்காப் பாத்திரங்களோடு வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் எருசலேமில் என்று வழக்கம்போல் சொல்லித்தான் எல்லோரும் எழுந்தோம். மேசியா சீக்கிரம் வரட்டும். வரக் கொஞ்சம் தாமதித்தாரானால், அடுத்த வருஷம் இந்த மேசையில், சின்னவளே. பதில் சொல்ல அண்ணன் இருக்கிறார். நீ வந்து கேள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா