டாக்டரிடம் சொல்லாத கோப்பி

16.8.1983, செவ்வாய்

புளித்த நீர் தொண்டைவரை ஏறுகிறது. என்மேல் எனக்கே குமட்டல்.

மருந்துக்கு அடங்கவில்லை, இனி ஆப்பரேஷன்தான் என்று ஈப்போ டாக்டர் இன்று சம்மதத் தாளைக் கொடுத்துவிட்டார். காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒன்றுமில்லை என்பேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி முறைத்தாள்.

"விடியக்காலையில வெறும் வயித்துல பால் இல்லாம மூணு கிளாஸ் கோப்பி ஓ குடிக்கிறீங்களே, அத சொன்னீங்களா?"

"கோப்பி என்ன சாப்பாடா லா?"

ரப்பர் பாலெடுக்க, தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன காலத்துப் பழக்கம். தோட்டத்தை விட்டேன், இதை விடவில்லை. இனி எந்த முகத்தோடு டாக்டரிடம் போய்ச் சொல்வது? பேசாமல் வயிற்றைக் கிழித்துக்கொள்வதா?

கையெழுத்துப் போடலாமா என்று தாளை எடுத்தேன். அதன் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். சாயங்காலம் நான்தான் கோப்பி கிளாஸை அதன்மேல் வைத்திருக்கிறேன். சீ.