விடைத்தகடு காணாத தூதர்

மலை சாயாது, மழை தவறாது, கோட்டைத் தேவியின் விளக்கு அணையாது விளங்கும் முகிற்கோட்டையிலிருந்து, அத்தேவியின் விருந்தினராய் அமர்ந்து அரசு செலுத்தும் அருவிமங்கை நாச்சியார் விடுக்கும் ஓலை. உப்பும் முத்தும் விளையும் கீழ்க்கரை நாட்டின் காவலரும், எம் தந்தையார் காலந்தொட்டு எம் குடிக்கு உறவினரும், நாம் அண்ணல் என்றே அழைக்கும் பெருந்தகையுமான சேந்தன் கடுங்கோ அவர்கள் திருமுன் இது வாசிக்கப்படுக. தங்கள் துறைகளில் கலங்கள் நிறைக. தங்கள் உப்பளங்களில் காலமல்லாத மழை பெய்யாதிருக்க. தங்கள் குடிகள் உண்டு உறங்கி நலமே விழிக்க.

நலம் கேட்பதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தங்கள் தூதர் எயினன் ஆதனார் இறந்துபட்டார் என்று நம் முத்திரை தாங்கிய இரங்கலோலை ஒன்று தங்களிடம் வந்திருக்கலாம், அல்லது வந்துகொண்டிருக்கலாம். அந்த முத்திரை நம்முடையதே. செய்தி பொய். ஆதனார் உயிரோடிருக்கிறார். நாம் இதை எழுதுவிக்கும் இவ்வேளையில் எம் வாயில் மண்டபத்தில் பாடையொன்றில் படுத்துக்கொண்டு, மேலே போட்ட மாலையின் தாழம்பூ மூக்கை அரிப்பதாக முறையிட்டுக்கொண்டிருக்கிறார். இந்நிலை அவருக்கு எவ்வாறு வந்தது என்பதைத் தாங்கள் சினவாது கேட்டருள வேண்டும்.

ஆற்றுநீர்ப் பங்கீடு பற்றிப் பேசத் தாங்கள் அனுப்பிய ஆதனார், வந்த காரியத்தை இரு நாட்டுக்கும் நன்றாகவே முடித்தார். பேரவையில் எல்லார் முன்னிலையிலும் நாம் அவருக்கு வெற்றிலை தந்து விடை கொடுத்தோம். ஆவணி வளர்பிறையில் அவர் மகள் பூங்கொற்றிக்குத் திருமணம் என்றும், அப்பெண், தந்தை கையால் நீர் வார்த்துக் கொடுத்தாலன்றி மணையில் அமரேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தாரே ஒழிய, அவர் மனம் அப்போதே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதை நாம் கண்டோம். பின்னால் உடல் போவதில்தான் தடை வந்தது.

எம் மலைமுடியில், மேகம் படியும் இடத்தில், முகில்மாடம் என்றோர் ஏட்டுக்கூடம் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். குடிகள் ஒவ்வொருவருக்கும், வந்துபோகும் விருந்தினருக்கும் அங்கே ஓர் ஏடு உண்டு. உள்ளே இருக்கிறார், வெளியே சென்றார், விடை பெற்றார் என அவரவர் நிலையைக் காட்டும் செப்புத் தகடுகள் அதில் பதிக்கப்படும். எந்த அலுவலகம் கேட்டாலும் ஏடு கயிற்றுக்கூடையில் இறங்கி வரும். முன்பெல்லாம் ஏடு முழுவதும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்; வாயிற்காவலன் ஒருவருடைய பல்வலி மருந்தையும் மாமியார் ஊரையும் படித்துச் சுவைத்துக்கொண்டு நிற்க, பின்னால் வண்டிகள் தேங்கும். அத்தொல்லை தீரவே சட்டக நாயகம் பொற்கணியார் ஒரு புதுமையை வகுத்தார். ஒவ்வோர் அலுவலகமும் தன் வேலைக்கேற்ப ஒரு மரச்சட்டகம் செய்துகொள்ளலாம்; அதை ஏட்டின்மேல் பொருத்தினால் வேண்டியது தெரியும், வேண்டாதது மறையும். சாளரங்களை மேலும் கீழும் மாற்றி அமைக்கலாம். சிலவற்றுக்கு மூடி போட்டு, இன்ன தகடு ஏட்டில் இருந்தால் மட்டுமே இம்மூடி திறக்கும் என்று பொறியும் வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான், நாமும் மெச்சினோம். சட்டகத்தைத் தூக்கிப் பார்ப்பவர் கை வெட்டப்படும் என்ற விதியும் அப்போதே கூடச் சேர்ந்தது.

வாயில் அலுவலகத்தின் சட்டகத்தை வாயிலில் நிற்பவர் எவரும் வகுக்கவில்லை. மாலையில் உள்ளே அமர்ந்து ஏடு சரிபார்க்கும் கணக்கர் வகுத்தார். பழைய வழக்கப்படி, காவலர் முகம் அறிந்து விருந்தினரை வெளியே விடுவர். வெளியே சென்றவர் விடை பெற்றுத்தான் சென்றாரா என்று கணக்கர் மாலையில் பார்ப்பார். ஆகவே, வெளியே சென்றார் என்னும் தகடு இருந்தால் மட்டுமே விடைத்தகட்டின் மூடி திறக்குமாறு அவர் பொறி வைத்தார். அவருக்கு அது போதும். அதே சட்டகத்தை வாயிலிலும் மாட்டி, இனி முகம் பார்த்து எவரையும் விடலாகாது, ஏடு பார்த்தே விட வேண்டும் என்றும் ஆணையாயிற்று. கோட்டைக் குடிகளுக்கு வேறு தகடு உண்டாதலால் அவர்கள் வழக்கம்போல் போய்வருகிறார்கள். விருந்தினருக்கு மட்டும், வெளியே போனால்தான் விடை தோன்றும். விடை தோன்றினால்தான் வெளியே போகலாம்.

ஆதனார் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாயிலுக்கு வந்தார். வாயில் அதிகாரி தித்தன் வேளார் அவர் ஏட்டை வருவித்துச் சட்டகத்தைப் பொருத்தினார். மூடி அசையவில்லை. நாச்சியார் அவையில் விடை தந்ததை நீரும் அருகில் நின்று கண்டீரல்லவா என்று ஆதனார் கேட்டார். தாம் கண்ணாரக் கண்டதாகவும், காதாரக் கேட்டதாகவும், தம் மனைவியிடம் சொல்லி மகிழ்ந்ததாகவும், ஆயினும் சட்டகத்தில் தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லத் தமக்கு நாக்கு வராது என்றும் வேளார் வணங்கி விடை சொன்னார். வேளார் பொய் சொல்லாதவர். அதுவே அன்றைக்குப் பெரிய இடைஞ்சலாயிற்று.

விருந்தினர் மாளிகைக்கு அவரை மரியாதையோடு திருப்பி அழைத்துச் சென்றார்கள். நெய்ச்சோறும் பலாச்சுளையும் வைத்தார்கள். மாலையில் யாழ் வாசித்தார்கள். மாளிகையின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் தொலைவில் தங்கள் நாட்டுக் கடல் ஒரு கோடாகத் தெரியும். உண்ட கை கழுவியதும் ஆதனார் அங்கே போய் நிற்பார். விலங்கு பூட்டிய கைதிக்காவது யாரை வைவது என்று தெரியும். தமக்குப் பன்னீர் தெளிப்பவரை எப்படி வைவது என்று அவர் பணியாளரிடம் கேட்டதாக அறிந்தோம். பணியாளர், பன்னீர் மணம் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிச் சந்தனம் கொண்டுவந்தார்.

பிறகு ஆதனார் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். விருந்தோம்பல் அலுவலகத்தார் தங்கள் சட்டகத்தை வைத்துப் பார்த்து, விடைத்தகடு பளிச்சென்று தெரிகிறதே, இன்னும் ஏன் போகவில்லை என்று அவரையே வினவினார்கள். வாயிலுக்கு அதை எழுதித் தாருங்கள் என்று அவர் இரந்தார். ஓர் அலுவலகம் கண்டதை மற்றோர் அலுவலகத்துக்குச் சொல்வது ஏட்டு மறை காக்கும் விதிக்கு மாறானது என்றார்கள். சுற்றிச் சுற்றிச் செக்குமாடாய்த் தேய்ந்த பின், பொற்கணியாரிடமே சென்றார்.

பொற்கணியார் அவரை அன்போடு அமர்த்தி, ஐப்பசியில் வரவிருக்கும் புதுமைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாராம். மூடிகளுக்கு இனி வண்ணம் தீட்டலாம். நீண்ட ஏட்டை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, வேண்டிய மடிப்பை மட்டும் விரிக்கலாம். அவரவர் பெயரை மேலே பொன்னெழுத்தில் காட்டலாம். ஆதனார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அந்த ஒரு மூடி திறக்குமா என்று கேட்டார். சட்டகங்கள் தை, வைகாசி, ஐப்பசி என்னும் மூன்று பருவங்களில் மட்டுமே மாற்றப்படும் என்றும், அதற்கும் உரிய அலுவலகம் விண்ணப்பிக்க வேண்டும் என்றும், வாயில் அலுவலகமோ தங்கள் சட்டகத்தில் குறை ஏதுமில்லை என்று தெரிவித்திருப்பதாகவும் பொற்கணியார் விளக்கினார். ஆவணித் திருமணத்துக்கு ஐப்பசி வரை காத்திருக்கச் சொன்ன அந்த இடத்தில், பேரவையில் மூன்று நாட்டு அமைச்சர்களை வாதில் மடக்கிய தங்கள் தூதர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். இதை எழுத எமக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன்பின்தான் அவர் எம்மிடம் வந்தார். ஒரு சொல் சொன்னால் முடிந்தது என்று எண்ணி வாயிலுக்கு ஆணை விடுத்தோம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! எம் பாட்டனார் காலத்தில், அரசர் குரலில் பேசிய வஞ்சகன் ஒருவன் வாயிலைத் திறக்கச் செய்து பகையை உள்ளே விட்டான். அன்றுதொட்டு எம் வாயிற்காவலர், அரசர் வாய்மொழிக்கும் கதவு திறவேன், ஏட்டுக்கே திறப்பேன் என்று தேவிமுன் சூளுரைப்பது வழக்கம். வேளார் எம் காலில் விழுந்து அச்சூளை நினைவூட்டினார். மூடியை மாற்றுமாறு பொற்கணியாருக்கு நாம் விடுத்த ஆணையும் அவருடைய ஏட்டில் முறைப்படி இடப்பட்டது. அவர் சட்டகத்தில் அது எந்த மூடியின் கீழ் கிடக்கிறதோ, இன்றுவரை அவர் கண்ணில் படவில்லை. அவரைப் பதவி நீக்கும் தகட்டையும் தேடி வருகிறார்கள்.

அன்று அவையில், செத்தால்தான் இந்தக் கோட்டையை விட்டுப் போக முடியுமா என்று ஆதனார் வெறுத்துக் கேட்டார். வேளார் அதை வினாவாகவே எடுத்துக்கொண்டு, ஆம், இறந்தார் என்னும் தகடு விழுந்தால் எல்லா மூடிகளும் தாமே திறக்கும், பிணத்தைத் தடுக்க வாயிலுக்கு விதியில்லை என்று பணிவோடு சொன்னார். எல்லாருடைய கண்ணும் எம்மேல் விழுந்தது. ஏனெனில் அரசச் சட்டகத்தின் வழியாக, வேறெவர் ஒப்பமும் இன்றி, விருந்தினர் ஏட்டில் நாம் இடக்கூடிய தகடு ஒன்றே ஒன்றுதான். ஒருவரை ஊருக்கு அனுப்ப எமக்கு அதிகாரமில்லை, அண்ணலே. உலகை விட்டு அனுப்ப உண்டு.

ஆதனார் இசைந்தார். இசைந்ததோடு நில்லாமல், விரைவாக என்றும் வேண்டிக்கொண்டார். இன்று காலை எம் கையால் அத்தகட்டை இட்டோம். மூடிகள் யாவும் படபடவென்று திறந்தன. விடை பெற்றார் என்னும் தகடு வெயிலில் மின்னியது. அதைக் கண்டு நாம் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் முகில்மாடத்திலிருந்து குதிரையொன்று பாய்ந்தது. இறந்தார் என்னும் தகடு விழுந்தால், அவர் குடும்பத்துக்கும் அவர் அரசருக்கும் இரங்கலோலை தானே புறப்படுமாறு பொற்கணியார் சென்ற பருவத்தில் பொறி வைத்திருந்தாராம். எம் நாட்டில் எள் என்பதற்குள் எண்ணெயாய் நடப்பது அந்த ஒரு வேலைதான். அதை எவரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டோம். ஏட்டின் நாலாம் மடிப்பில் சொல்லியிருப்பதாக விடை வந்தது.

ஆதனார் அதைக் கேட்டதும் பாடையிலிருந்து எழுந்துவிட்டார். அவ்வோலை தம் வீட்டை முதலில் எட்டினால் தம் மனைவி அல்லியங்கோதை மங்கலநாணைக் கழற்றிவிடுவாள் என்றும், மணப்பந்தலைப் பிரித்துவிடுவார்கள் என்றும், தாம் உயிரோடு போய்ச் சேர்ந்தும் என்ன பயன் என்றும் பதறினார். வாயிலைத் தாண்டும்வரை அவர் எழுந்திருக்கலாகாது. எழுந்தால் மீண்டும் விருந்தினராகிவிடுவார். வேளாரே அவர் தோளைப் பற்றிப் படுக்கவைத்தார். பெண்ணுக்குத் தம் வாழ்த்தைச் சொல்லும்படி அவர் காதில் சொல்லிவிட்டு, ஏட்டில் உள்ளபடி உரக்க அழவும் செய்தார்.

பாடையோடு நாமே எல்லைவரை வந்து, எம் வாயாலேயே தங்களிடம் நடந்ததைச் சொல்லி, பூங்கொற்றியின் மணத்தையும் கண்டு வரலாம் என்று புறப்பட்டோம். வேளார் எம் ஏட்டையும் வருவித்தார். இம்மடலின் தலைப்பில் தாங்கள் படித்தபடி, இந்நாட்டில் அரசிருப்பவர் கோட்டைத் தேவியின் விருந்தினரே. எம் தாய் பிறந்த நாள் முதல் அப்படித்தான் எழுதப்பட்டு வருகிறது. சட்டகம் எம் ஏட்டின்மேல் வைக்கப்பட்டது. வேளார் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கண் கலங்கி, நாச்சியாரின் விடைத்தகடு தோன்றவில்லை என்றார்.

ஆகவேதான் நாம் வராது ஓலை வருகிறது. வாயிற்படியில் அமர்ந்து இதை எழுதுவிக்கிறோம். கதவின் இடுக்கு வழியே வெளிச்சாலை தெரிகிறது. ஓர் ஆட்டுமந்தை போகிறது. எம் ஏட்டிலும் ஒரு நாள் அந்தத் தகடு விழும். அன்று எமக்கும் எல்லா மூடிகளும் திறக்கும். அதுவரை எம் நலம் கேட்கத் தூதரை அனுப்பாதீர்கள், அண்ணலே; விருந்தினராய் வருபவர் எவரும் சிக்கிக்கொள்ளாதிருக்க, அவர்களை இனி வாயிலிலேயே நிறுத்தித் திருப்பச் சொல்லிவிட்டோம்.

தங்களை வேண்டுவது இதுவே. இது கண்டவுடன் ஆதனார் மனைக்கு ஆளை ஓட்டுக. பந்தலைப் பிரித்திருந்தால் மீண்டும் போடுக. நம் இரங்கலோலை எங்கு அகப்பட்டாலும் தீயில் இடுக. இனி எம் முகில்மாடத்திலிருந்து, எம் முத்திரையோடு, எம் பெயரில் எது வந்தாலும் நம்பாதிருக்க. இவ்வோலையையும் சேர்த்தே சொல்கிறோம்.

இது நம் வாக்கு, நம் ஆணை, நம் கையொப்பம். வாயில் மண்டபத்தில், ஆடி மாதக் கடைநாளில், ஓலைநாயகம் எழுத, முகிற்கோட்டை அருவிமங்கை நாச்சியாரின் மேக முத்திரை இடப்பட்டுப் பாடையில் கிடப்பவர் மார்பின்மேல் வைக்கப்பட்டது.

இதைத் தங்களிடம் நீட்டும் கை வெதுவெதுப்பாக இருக்கும். முதலில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.