அக்கா ஓட்டப்போகும் டீ வண்டியில் பாட்டு உண்டு, மச்சான்

அன்பு மச்சானுக்கு,

வர்ற திங்கட்கிழமை காலையில் உங்கள் மூணு சக்கர வண்டியை அக்கா தானே ஓட்டிக்கொண்டு வீரபாண்டி பனியன் கம்பெனிகளுக்கு டீ கொண்டுபோகப் போகிறாள், இந்தத் தடவை ஃபுல் சவுண்டில் பாட்டோடு!

இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல நினைத்தேன். நம் டீ வண்டியின் ஃபேஸ்புக் பேஜில் இருக்கிறவர்களும் கூடவே கேட்டுக்கொள்ளட்டும். சில பேர் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கட்டும். எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது மச்சான்.

பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ரெண்டு சக்கரமும் டீ டிரம் வைக்க ஒரு தட்டும் வைத்து வெல்டிங் பட்டறையில் இந்த வண்டியை நீங்கள் பண்ணிக்கொண்டு வந்த அன்றே, "மாப்ள, இதுல பாட்டு ஓடணும்டா" என்றீர்கள். எனக்கு யூடியூப்தான் வாத்தியார். முதலில் ஸ்பீக்கரை டீ டிரம்முக்கு நேர் மேலே மாட்டினேன். ஒரே வாரம். ஆவி ஏறி உள்ளே இருந்த பேப்பர் கோன் நமத்துப்போய், பாடுகிற ஆளுக்கெல்லாம் சளி பிடித்துவிட்டது. அடுத்ததாகத் தண்ணீர் தாங்குகிற ஸ்பீக்கர் வாங்கி, பெட்டியைத் தட்டுக்கு அடியில் இறக்கினேன். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி பேட்டரி. ரோட்டில் பறக்கிற பஞ்சு உள்ளே போகாமல் இருக்க, கட்டிங் வேஸ்ட்டில் கிடந்த பனியன் துணியை இழுத்து முன்னால் கட்டியது உங்கள் ஐடியா. அதை வீடியோ எடுத்து நம் பேஜில் போட்டபோது, கீழே பெங்களூர்க்காரன் ஒருத்தன், "ப்ரோ, இந்தத் துணி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டான். திருப்பூரில் போய் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறான் பாருங்கள்!

அந்தப் பாட்டு ஆடம்பரமா மச்சான்? மூணாவது மாடியில் வரிசையாக ஓவர்லாக் தையல் மெஷின் ஓடும்போது கீழே அடிக்கிற பெல் யாருக்குக் கேட்கும்? ஸ்பீக்கரின் பாஸ் அதிர்ந்தால்தான் கேட்கும். உங்கள் பாட்டு சந்து திரும்பும்போதே ஜன்னலில் தலைகள் முளைத்துவிடும். ஒடிசா பையன்கள் கை காட்டினால் அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்று போடுவீர்கள். அந்தச் சத்தம்தான் நம் கடைக்கு போர்டு.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. கருமாதி முடிந்த கையோடு உங்கள் அண்ணன் கட்டிங் பிளேயரோடு வந்தார்.

"ஏனுங் மாப்ள, சாவு உழுந்த ஊட்டு வண்டீல பாட்டு ஓடுனா நல்லா இருக்குமா, சொல்லுங்க? ஒரு வருசத்துக்கு ஆகாதுங்க."

சொல்லிக்கொண்டே ஒயரை வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு 'ங்க'. இவ்வளவு மரியாதையாக ஒருத்தர் வயிற்றில் அடிக்க நம் ஊரில்தான் முடியும்.

அக்கா பாட்டு இல்லாத வண்டியைத் தானே எடுத்தாள். அந்த வண்டி சாயாது, கால் ஊன்ற வேண்டாம் என்பதால் சீக்கிரமே ஓட்டப் பழகிக்கொண்டு, கைமணியோடு கிளம்பினாள். கம்பெனி வாசலில் நின்று கை வலிக்க ஆட்டினாள். மேலே ஒருத்தருக்கும் கேட்கவில்லை. படியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள் டீ ஆறியது. டிரம்மில் பாதி அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. நாம் டீ கொடுக்கிற லைனில் இப்போது வேறொரு டீ ஆட்டோ சுற்றுகிறது, தெரியுமா?

போன வாரம் உங்கள் அண்ணன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். மகள் பெரியவளானதற்குச் சீராம்.

"வந்து சாப்ட்டுட்டுப் போ அம்மிணி. முன்னால வந்து நிக்க வேண்டாம், அவ்வளவுதான்."

அக்கா தட்டைக் கையில் வாங்கவில்லை. "பாட்டு உண்டுங்களா மாமா?"

"இல்லாமயா? பெருந்துறைல இருந்து சவுண்ட் சர்வீஸ் வருது. பாக்ஸு ஆள் ஒசரம் அடுக்கறாங்க!"

"அப்பத் தீட்டு எனக்கு மட்டுந்தானுங்களா? செத்தவரு உங்க கூடப் பொறந்தவருதானுங்களே. பங்காளிக்கும் அதே வருசந்தானுங்களே?"

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "சீரு ஒருக்காத்தான் அம்மிணி வரும்."

"சோறு தெனமும் வேணுமுங்க."

அவர் எழுந்துவிட்டார். "பாட்டுப் போட்டுட்டு வண்டி ரோட்டுக்கு வந்துதுன்னா, சந்து முக்குல நானே குறுக்க நிப்பேன். மரியாதையாச் சொல்றேன்."

"நில்லுங்க மாமா. நான் இப்பத்தானுங்க ஓட்டப் பழகுனது. பிரேக்கு இன்னும் சரியா வர்றதில்லீங்க."

நான் உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அதே கோபம் திரும்ப வந்தது. உங்கள் மேலும்தான் மச்சான். அவரை எதிர்த்து ஒரு தடவையாவது பேசியிருக்கிறீர்களா? "அண்ணன் சொல்றாருல்ல, உடு மாப்ள" என்று எத்தனை விஷயத்தை விட்டீர்கள்! அந்தப் பழக்கத்தில்தானே அவர் பிளேயரோடு வீட்டுக்குள் வந்தார்? நீங்கள் இருந்திருந்தால் இதையும் விடச் சொல்லியிருப்பீர்களா?

கமென்ட்டில் வந்து, "புருசன் போய் வருசம் திரும்பல, என்ன ஆட்டம்?" என்று எழுதுகிற முகமில்லாத புண்ணியவான்களே, ஒருநாள் அந்த மணியை நீங்கள் ஆட்டிப் பாருங்கள்.

முந்தாநாள் எல்லா ஒயரையும் புதிதாக இழுத்தேன். கட்டிங் பிளேயர் நுழையாதபடி இரும்புக் குழாய்க்குள் விட்டிருக்கிறேன். வால்யூம் அக்காவின் இடது கட்டை விரலுக்கு எட்டும். சாயங்காலம் டெஸ்ட் பண்ண மெல்லத்தான் வைத்தேன். அக்கா ஸ்பீக்கர் பெட்டியில் கை வைத்து அதிர்வைப் பார்த்தாள். பிறகு அவளே வால்யூமை ஏற்றினாள்.

படிக்கிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை வீரபாண்டி கம்பெனி வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் போடுங்கள். திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் பாட்டு கேட்டால், மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வாருங்கள். சந்து முக்கில் அவர் கை நீட்டி நின்றால் சண்டைக்கு இறங்க வேண்டாம். மேலே இருந்து, "அக்கா, டீ!" என்று கத்துங்கள், போதும். அத்தனை பேர் முன்னால் ஒருத்தி பிழைப்பை மறிக்கிற தைரியம் அவருக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.

மச்சான், உங்களுக்கு ஒரு வாக்கு. அவர் எத்தனை தடவை வெட்டினாலும் அத்தனை தடவையும் நான் ஒட்டுவேன். இந்த ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காத மச்சினன்