உப்பில்லாத இருபது நாள்

இஞ்ஞாசி இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். நேற்று அவர் கை நடுங்கிக் கஞ்சிக் கிண்ணம் விழுந்தபோது, “மறுபடியும் குடிச்சிட்டு வந்துட்டீங்களா?” என்று மனைவி ரோணிக்கம்மாள் கத்தியதிலிருந்து பேச்சில்லை. கூப்பிட்டாலும் டாக்டரிடம் வரமாட்டார். அவள் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள்.

“காலைப்பூசையில நர்ஸ் ஆரோக்கியசெல்வியைப் பாத்தேன். மனசுக்குப் போடுற லித்தியம் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு உப்பைக் குறைச்சா, மருந்து ஒடம்புல தங்கிக் கை நடுங்குமாம். உங்க பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர்ட்ட நான் அந்த மாத்திரையைப் பத்தி வாயே தொறக்கலை. ஊருக்குத் தெரிஞ்சிடும்னு பயம். இருபது நாளா உப்பில்லாம ஆக்கிப் போட்டது நான்தான்.

அந்த மாத்திரை எழுதிக் குடுத்த பாண்டிச்சேரி டாக்டரைக் கேட்டுட்டு வர எட்டு மணி பஸ்ஸுக்குப் போறேன். சோறும் மீன்கொழம்பும் மூடி வெச்சிருக்கேன். உப்புச் சாடியும் பக்கத்துல இருக்கு. எவ்வளவு போட்டுக்கணும்னு எனக்குத் தெரியலை.

மாத்திரையைப் போடுங்கன்னு எழுதவும் பயமா இருக்கு, போடாதீங்கன்னு எழுதவும் பயமா இருக்கு. போன தடவை நிறுத்துனப்ப, ரெண்டு நாள் உங்களை மண்டபத்தூர் கடற்கரை முழுக்கத் தேடுனோம். நான் வர்ற வரைக்கும் வீட்லயே இருங்க.

ரோணிக்கம்மாள்”

தாளின் மேல் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். கையெழுத்துக்குக் கீழே விரற்கடை இடம்தான் மிச்சம் இருந்தது. நெருக்கி எழுதினாள்.

“நீங்க குடிக்கலை. கிட்ட வந்து மோந்து பாத்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும். நான் கிட்ட வரலை.”