தறிக்குழியில் வந்த தண்ணீர்

அன்புள்ள காயத்ரிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. காமாட்சி புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், தறிதான் இரண்டு நாளாக ஓய்வில் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் சண்டிகர் குளிரில் காதுக்கு மப்ளர் கட்டிக்கொள்கிறீர்களா, இல்லை அழகு கெட்டுவிடும் என்று விறைத்துக்கொண்டு திரிகிறீர்களா? போனில் பேசலாம்தான், ஆனால் நான் போன் பேசினால் தெருக்கோடிவரை கேட்கும், உன் அப்பாவுக்குக் கேட்காதா? அதனால்தான் பருப்புப்பொடி பார்சலுக்குள் வைத்து கூரியரில் அனுப்புகிறேன், இரண்டே நாளில் வந்துவிடுமாம்.

ஜவ்வாது மலையில் நீ ரூம் போட்டுக் கொடுத்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் இல்லை. மழைக்காலத்தில் அங்கே மேகம் வாசல்வரை வருமாம், அருவியில் தண்ணீர் பால் மாதிரி கொட்டுமாம், பக்கத்து வீட்டு மஹாலட்சுமி போன வருஷம் போய் வந்தவள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறாள். நான் இதுவரை போன ஊரெல்லாம் கோயில் இருக்கிற ஊர். மொட்டை, பொங்கல், வேண்டுதல் ஒன்றும் இல்லாமல் சும்மா மழையைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போகவேண்டும் என்று எத்தனை வருஷத்து ஆசை, உனக்கே தெரியும். உன் அப்பாவோ தெருவில் நாலு பேர் கேட்க, ‘தறிய மூடிட்டு ஊர் சுத்தறதுலாம் நம்ம வழக்கம் இல்லமா, முதலாளி கேட்டா இன்னா சொல்றது’ என்று சொல்லிவிட்டார். சரி, நான் மட்டும் போகலாம் என்றால் தறியில் இருப்பது கரையைத் தனியாகக் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவை, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலுக்கு நான் நாடா போடாவிட்டால் அவரால் ஒரு விரற்கடைகூட நெய்ய முடியாது. இதைக் கேட்டுத்தான் நீ ‘அம்மாவத் தறியில கட்டிப் போட்டுட்டீங்க’ என்று அவரிடம் கத்தினாய். அன்றிலிருந்து அவர் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதும் இல்லை. மனுஷன் அன்றைக்கு மோர்ச்சோறுகூட வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

இப்போது கூத்தைக் கேள். நேற்றுக் காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால், கால் வைத்து மிதிக்கிற தறிக்குழியில் கணுக்கால் அளவு தண்ணீர்! அடைமழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும், தெருவே தறியை நிறுத்தும், எந்த முதலாளியும் ஏன் என்று கேட்கமாட்டார், அதெல்லாம் சரிதான். ஆனால் மழை எங்கேடி பெய்தது? வானம் மூடிக்கொண்டு நிற்கிறதே தவிர ஒரு பொட்டுகூட விழவில்லை, கோலம் போட்ட இடத்தில் புழுதி. ஊறுகிற தண்ணீர் கலங்கலாக வரும், இதுவோ குடிக்கிற தண்ணீர் மாதிரித் தெளிவு. சமையலறைக் குடம் தறிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பட்டில் ஒரு துளி படவில்லை, பாவு நூலின்மேல் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போர்த்தியிருக்கிறது. தானாக வந்த தண்ணீர் பாவுக்குப் போர்த்திவிட்டா வரும்?

நான் ஒன்றும் தெரியாத மாதிரி காபி போடப் போனேன். அவர் முதலாளிக்குப் போன் போட்டு, துக்கம் சொல்கிற குரலில், ‘குழில தண்ணி ஏறிக்கினு இருக்குதுங்க, ஒரு வாரம் ஆவும்’ என்றார். அப்புறம் பேப்பரைப் பிரித்துக்கொண்டு, ஏதோ அப்போதுதான் நினைவு வந்த மாதிரி, ‘தறிதான் நின்னுபோச்சே, சும்மா குந்திக்கினு இன்னா பண்றது, பொண்ணு போட்ட ரூமு வேற வீணாப் போவுது’ என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, உங்களுக்காக வேண்டுமானால் வருகிறேன் என்றேன். தாலி கட்டிய நாளிலிருந்து அமாவாசையும் அடைமழையும் தவிர தறியை நிறுத்தாத மனுஷன், காயத்ரி. தன் கையாலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

வரும் சனிக்கிழமை புறப்படுகிறோம். கார் ஓட்டும் சிட்டிபாபு, ஈரத்தில் மலை வளைவெல்லாம் வழுக்கும், வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிட வேண்டும் என்கிறான், அதனால் காலையிலேயே கிளம்புகிறோம். குடை, சால்வை, புளிசாதத்துக்கு வேண்டியது எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. உன் அப்பா மழைக்கோட்டு ஒன்று வாங்கி வந்து அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்க்கிறார்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருங்கள், அது போதும் எனக்கு. பொடியை ஈரக்கரண்டியால் தொடாதே. இன்னொன்று, கண்ணு, நாங்கள் கிளம்புவதற்குள் அப்பாவுக்கு நீயே போன் பண்ணு. குழியில் எப்படிப்பா தண்ணீர் வந்தது என்று கேள். சரியான மழை என்று சொல்வார். ஆமாம்ப்பா, இந்த வருஷம் அங்கே நல்ல மழையாமே என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
தில்லையம்மாள்
பெரிய காஞ்சிபுரம்