ஐந்தாம் கேள்விக்கு ஒன்பது

ஜூலை 7, திங்கள்

தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று ஓயவில்லை. வாப்பா இன்றும் கடலுக்குப் போகவில்லை. முகம் சரியில்லை. எனக்கு மட்டும் லாபம்: வீட்டில் ஒரே போன், வாப்பா கரையில் என்றால் அதுவும் கரையில். இப்படி நினைப்பதே பாவம்.

அதிபர் கூப்பிட்டார். மேசையில் புதுப் புத்தகம், நுண்கணிதம், உயர்தரத்துக்கு. மாதிரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அட்டையில் கறுப்புக் கட்டம். போனைக் காட்டினால் இணையத்தில் வீடியோ, பயிற்சி, விடைகள்.

"மகள், கணித டீச்சர் மாறிப் போயிட்டா. கல்வி வலயம் வேற ஆள் தாறதா இல்ல. இதப் பாத்துட்டு சொல்லுங்க. டீச்சர் இல்லாம இத வெச்சு நீங்க ரெண்டு பேரும் படிச்சுக்கொள்ள ஏலுமா? ஏலுமெண்டா கணிதப் பிரிவ நடத்துவன். ஏலாதெண்டா மூடிட்டு புத்தளத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் தாறன். வெள்ளிக்கெழமைக்குள்ள."

இரண்டு பேர்: நானும் ரிப்காவும். ஐந்து பேராகத் தொடங்கினோம். மற்ற மூவரும் ஏற்கெனவே புத்தளம்.

ஏன் என்னைக் கேட்டார்? "நீங்கதானே எப்பயும் வாசிக்கிற புள்ள." வாசிப்பது வேறு. தீர்ப்புச் சொல்வது வேறு.

ரிப்காவிடம் சொன்னேன். "நல்லம் எண்டு சொல்லுடி. இதுல யோசிக்க என்ன இரிக்கி?" அவளுடைய வாப்பா விடுதிக்கு விடமாட்டார். பிரிவு மூடினால் அவள் கலைப்பிரிவு. எனக்குப் புத்தளத்தில் உம்மாவின் தங்கை, சாச்சி வீடு இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. போன் வீட்டில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து புத்தகத்தோடுதான்.

பிடித்தவை:
– விரித்தால் விரித்தபடியே கிடக்கிறது. கல் வைக்கத் தேவையில்லை.
– 'எல்லை' பாடம். ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போவது, தொடாமல். முதல் தடவையாக உண்மையாகவே விளங்கியது. எழுந்து நடந்தேன்.

பிடிக்காதவை:
– உதாரணம் எல்லாம் தண்ணீர்த் தாங்கி. தாங்கி நிரம்புகிறது. தாங்கி ஒழுகுகிறது. வேறு எதுவும் இந்த உலகத்தில் இல்லையா?
– தொகையிடலுக்கு வந்ததும் ஒரே ஓட்டம். "இலகுவில் காணலாம்" என்று எழுதிவிட்டு இரண்டு படிகளைத் தாண்டுகிறார்கள். எனக்கு இலகுவில் காண முடியவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம்.

வீடியோ பாதியில் நின்று சுற்றியது. பிறகு வந்தது. விளக்குகிற சேர் நல்ல குரல், ஆனால் பலகைக்கு முன்னாலேயே நிற்கிறார். உம்மா எட்டிப் பார்த்து, "அந்தாள் ஏன் மறைச்சிக்கொண்டு நிக்கிறார்? தள்ளி நிக்கச் சொல்லு" என்றா. சொல்ல முடிந்தால்தானே, உம்மா.

ப. 112, கே. 5 செய்தேன். y = x² என்ற வளையிக்கும் y = 3x என்ற கோட்டுக்கும் இடையில் அடைபடும் பரப்பு. எனக்கு நாலரை. இணையத்தில் ஒன்பது. வெட்டிவிட்டுத் திரும்பச் செய்தேன். வளையிக்கு இரண்டு பக்கமும் உண்டு, ஆகவே இரண்டால் பெருக்க வேண்டும். ஒன்பது. அப்பாடா.

ஜூலை 9, புதன்

காற்று இறங்கிவிட்டது. வாப்பா சுபஹ் தொழுகையோடு கடலுக்கு. போனும் கடலுக்கு. இணையப் பகுதியைப் பற்றி இன்று எழுத ஒன்றுமில்லை. "கடல் அமைதியான நாட்களில் இயங்காது" என்று குறித்தேன். அதிபர் சிரிப்பார். வெட்டினேன்.

ரிப்காவும் கே. 5 செய்திருக்கிறாள், அவளுடைய கூடப்பிறந்த நானாவின் போனில் விடை பார்த்து. கொப்பியை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"உனக்கு என்ன வந்த?"

"ஒன்பது."

"எனக்கும் ஒன்பது! முதல்ல நாலரை வந்த. பொறகு சரியாக்கிட்டன். பாத்தியா, டீச்சர் இல்லாமலே வந்திட்டுது!"

அவளுடைய செய்கையைப் பார்த்தேன். இரண்டால் பெருக்கவில்லை. 27/2 − 18/2 என்ற வரியில் கீழே உள்ள இரண்டை இரு இடத்திலும் எழுதாமல் விட்டிருக்கிறாள். நான் ஒரு வழி, அவள் வேறு வழி, விடை ஒன்று. அவள் சந்தோஷத்தில் கன்டீனில் ரோல்ஸ் வாங்கித் தந்தாள். தின்றேன். ஆனால் இரண்டு வழியும் எப்படிச் சரியாகும்?

ஜூலை 10, வியாழன்

மறுபடி காற்று, முற்றமெல்லாம் மணல். போன் வீட்டில். விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கே. 8 நேரத்தைக் கேட்கிறது. விடை ஒரு சமன்பாடு. சமன்பாடு கேட்பது கே. 7.

விடைகள் எல்லாம் ஓர் எண் தள்ளி நிற்கின்றன. ஒன்பது, கே. 4 இன் விடை. கே. 6 க்கு நேரே நாலரை.

எங்கள் நாலரை சரி. இருவருடையதும். சரியாக வந்ததை நாங்களே வெட்டியிருக்கிறோம்.

எண் பிழையைத் திருத்திவிடலாம். அது பெரிதில்லை. ஆனால் நாங்கள்? விடையைப் பார்த்துச் செய்கையை வளைப்பது எல்லோரும் செய்கிற வேலைதான். டீச்சர் இருந்தபோது கொப்பியை வாங்கி, "இந்த ரெண்டு எங்கால வந்த?" என்று கேட்பா. புத்தகம் அதைக் கேட்கவில்லை. வீடியோ சேரும் கேட்கவில்லை.

ரிப்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் முற்றத்தில் காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றாள்.

"நம்பர்தானே பிழ? மாத்தச் சொல்லு. அதுக்கு நான் ஏன் கலைப்பிரிவுக்குப் போகணும்?"

"நம்பர் இல்ல ரிப்கா. நாங்க ரெண்டு பேரும் சரிய வெட்டிட்டு பிழைய எழுதினோமே."

"உனக்கு சாச்சி ஊடு இரிக்கி. அதான் இவ்வளவு நேர்ம."

உடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது உண்மையா? சாச்சி வீடு இல்லாவிட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன்? சோற்றை அப்படியே மூடி வைத்தேன். உம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆவுக்கு முன் அதிபரின் அறை.

"ஏலுமா, ஏலாதா?"

"புத்தகம் நல்லம் சேர். ஆனா பிழ வந்தா எங்களுக்கு விளங்காது."

கொப்பியை விரித்து வைத்தேன். வெட்டிய நாலரை, எழுதிய ஒன்பது. அதிபர் கண்ணாடியைப் போட்டு நீளமாகப் பார்த்தார். "எனக்கு வரலாறுதான் தெரியும், மகள். ரெண்டும் வடிவாத்தான் இரிக்கி."

"அதுதான் சேர். எங்களுக்கும் அப்பிடித்தான் இருந்த."

"அப்ப மூடுறதா?"

"மூட வேணாம் சேர். கெழமைக்கு ஒரு நாளாவது கொப்பி பாக்க ஒராள் வேணும்." இவ்வளவு சத்தமாக அதிபரிடம் நான் கதைத்ததே இல்லை.

புத்தளத்து சேர் ஒருவரைச் சனிக்கிழமைகளில் கேட்டுப் பார்ப்பாராம். "இந்தத் தவணைக்குள்ள கெடைக்கல்லயெண்டா மூடத்தான் வேணும். பொய் நம்பிக்க தர மாட்டன்."

ரிப்கா வெளியே நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறது. தனியாகப் போனாள். நானும் தனியாக.

ஜூலை 14, திங்கள்

வெயில். காற்று குறைவு. புத்தளத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. இரண்டு தடவை அதிபரின் அறைப் பக்கம் போய்ப் பார்த்தேன்.

ரிப்கா பிந்தி வந்தாள். நாங்கள் இருவரும் உட்காரும் நீள வாங்கின் மறு நுனியில் இருந்தாள். இடைவேளையில் கொப்பியைத் தள்ளினாள். கே. 11.

"விடைய பாக்காம செஞ்சது. பாரு. என்னில பாவம் பாத்து சரி போட்டியோ, உன்ட மொகத்துலயே முழிக்க மாட்டன்."

ஒன்றரைப் பக்கம். எழுத்து வழக்கத்தைவிட அழகு. வரி வரியாகப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வரியில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தது.

சொன்னேன்.